தான் விட்ட டார்ப்பிடோவாலேயே மூழ்கின நீர்மூழ்கி: கேப்டன் ரிச்சர்ட் ஓ'கேன் கதை

கேள்வி இதுதான்: "ரெண்டாம் உலகப் போர்ல ஒரு அமெரிக்க நீர்மூழ்கி தான் விட்ட டார்ப்பிடோவாலேயே மூழ்கிடுச்சாமே, அதோட கேப்டன் ஜப்பான்காரங்ககிட்ட மாட்டி சித்திரவதை பட்டதுக்குத்தான் மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தாங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?"

டார்ப்பிடோன்னா தண்ணிக்குள்ள தானா ஓடிப் போய் கப்பலை அடிக்கிற குண்டு. முதல் பாதி நூத்துக்கு நூறு நெஜம். ரெண்டாவது பாதி தப்பு. மெடல் ஆஃப் ஹானர்ங்கிறது அமெரிக்காவோட உச்ச வீர விருது. அதைக் கொடுத்தது மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரியில அவர் செஞ்ச வேலைக்கு, சிறையில பட்டதுக்கு இல்ல. இதைக் கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும், ஏன்னா இந்த ஆளைப் பத்தி வர்ற வீடியோ எல்லாம் "சாவுக்கு அஞ்சாத வீரன்"னு பின்னணி மியூசிக் போட்டு முடிச்சுடுறாங்க, அவர் உண்மையில எப்படி சண்டை போட்டார்ங்கிறதைச் சொல்றதே இல்ல. எனக்குத் தெரிஞ்சவரை அவர் கண்ணை மூடிக்கிட்டுப் பாயுற ரகம் கிடையாது, தூரம், வேகம், கோணம் எல்லாத்தையும் மனசுலேயே கணக்குப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் கிட்டப் போற ஆளு. அது தெரிஞ்சாத்தான் அந்தக் கடைசி ராத்திரி என்ன ஆச்சுன்னும் புரியும்.

ரிச்சர்ட் ஓ'கேன் 1911ல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டோவர்ல பிறந்தவர். 1934ல நேவல் அகாடமி முடிச்சார், கொஞ்ச நாள் மேல ஓடுற கப்பல்கள், அப்புறம் நீர்மூழ்கி. போர் வந்தப்போ வாஹூங்கிற நீர்மூழ்கியில கேப்டனுக்கு அடுத்த இடத்துல, அதாவது எக்ஸிக்யூட்டிவ் ஆபீசரா இருந்தார். அங்க 1942 கடைசியில புது கேப்டனா வந்தவர் டட்லி மார்ட்டன், எல்லாரும் "மஷ்" மார்ட்டன்னு கூப்பிடுவாங்க. இந்த மார்ட்டன் ஒரு விசித்திரமான ஏற்பாடு பண்ணினார். வழக்கமா தாக்கும்போது பெரிஸ்கோப், அதாவது கீழ இருந்தே தண்ணிக்கு மேல பார்க்கிற குழாய், கேப்டன் கையிலதான் இருக்கும். மார்ட்டன் அதை ஓ'கேன்கிட்ட கொடுத்துட்டார். நீ கண்ணை வச்சுப் பாரு, தூரம் கோணம் சொல்லு, நான் பின்னாடி நின்னு மொத்தப் படத்தையும் யோசிக்கிறேன்னு. கண்ணால பார்க்கிறவனுக்கு பயம் வரும், பார்க்காம கணக்கு மட்டும் போடுறவனுக்கு நிதானம் இருக்கும்ங்கிற யோசனை. ஓ'கேனுக்கு இது ஒரு பெரிய ஸ்கூல். எதிரிக் கப்பலை லென்ஸ்ல பார்த்துக்கிட்டே குரல் நடுங்காம நம்பர் சொல்லிப் பழகிட்டார்.

வேவாக் சம்பவம் இதுக்கு நல்ல உதாரணம். 1943 ஜனவரி, நியூ கினி கரையில வேவாக் துறைமுகத்தை வேவு பார்த்துட்டு வான்னு ஆர்டர். பிரச்சினை என்னன்னா கப்பல்ல வேவாக்குக்கு சரியான கடல் மேப்பே இல்ல. கப்பல்ல ஒருத்தர் ஆஸ்திரேலியாவுல விலை கொடுத்து வாங்கி வச்சிருந்த ஸ்கூல் அட்லஸ் ஒண்ணு இருந்துச்சு, அதுல இருந்த கட்டைவிரல் அளவு படத்தை டிரேஸ் எடுத்து கேமரா லென்ஸும் சிக்னல் விளக்கும் வச்சு பெருசாக்கி, அதை நம்பி உள்ள போயிட்டாங்க. வேவு பார்க்கிறதுன்னா வெளிய நின்னு எட்டிப் பார்க்கிறதுன்னுதான் மத்தவங்க அர்த்தம் பண்ணுவாங்க, மார்ட்டன் உள்ள போய் இருக்கிறதை மூழ்கடிக்கிறதுன்னு அர்த்தம் பண்ணினார்! உள்ள ஹருசாமேன்னு ஒரு டிஸ்ட்ராயர், அதாவது நீர்மூழ்கியை வேட்டையாடுற வேகமான போர்க்கப்பல். மூணு டார்ப்பிடோ விட்டாங்க, மூணும் தவறிடுச்சு. நாலாவதைப் பார்த்து டிஸ்ட்ராயர் விலகிக்கிட்டு, தண்ணியில டார்ப்பிடோ விட்ட தடத்தைப் பிடிச்சு நேரா இவங்களை நோக்கி ஓடி வந்துச்சு. அஞ்சாவதும் தவறிடுச்சு. முன்பக்கம் மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. ஓ'கேன் பெரிஸ்கோப்பை இறக்காம பார்த்துக்கிட்டே இருந்தார், சுமார் 800 கஜ தூரத்துல மூக்குக்கு நேரா அதை விட்டாங்க, பட்டுச்சு. ஹருசாமே ஒடிஞ்ச உடம்போட கரை தட்டி நின்னுச்சு. முழுசா மூழ்கல, பின்னாடி ரிப்பேர் பண்ணிட்டாங்க, அதை வீடியோக்காரங்க சொல்ல மாட்டாங்க.

அவங்க சொல்லாத இன்னொரு விஷயமும் இருக்கு, அது நம்ம ஊர்க்காரங்க சம்பந்தப்பட்டது. வேவாக்குக்கு ரெண்டு நாள் கழிச்சு, ஜனவரி 26, வாஹூ ஒரு கான்வாயை, அதாவது கூட்டமாப் போற கப்பல்களை, தாக்கி புயோ மாருங்கிற கப்பலை மூழ்கடிச்சுது. மேல வந்து பார்த்தப்போ கடல் முழுக்க படகும் ஆளுங்களும். ஜப்பான் ராணுவம்னு நினைச்ச மார்ட்டன், இவங்க கரையேறினா நம்ம ஆளுங்களைத்தானே சுடுவாங்கன்னு படகுகளைச் சுடச் சொன்னார். ஆனா அந்தக் கப்பல்ல ஜப்பான் ராணுவத்தோட, மலாயா, சிங்கப்பூர் சண்டையில பிடிபட்ட இந்திய சிப்பாய்களும் இருந்தாங்க, பஞ்சாப் ரெஜிமென்ட் ஆளுங்க, வேலை வாங்குறதுக்காகக் கூட்டிட்டுப் போற கைதிகள். கப்பல்ல இருந்த 1,126 பேர்ல செத்தது 87 ஜப்பானியர், 195 இந்தியர்னு பின்னாடி கணக்கு வந்துச்சு. இதுல டார்ப்பிடோவுல எத்தனை, துப்பாக்கியில எத்தனைன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஓ'கேன் அப்போ கேப்டன் இல்ல, ஆனா கப்பல் மேல்தளத்துல இருந்த ஆளு, கடைசி வரைக்கும் "படகுகளைத்தான் குறி வச்சோம்"னு மார்ட்டனுக்காகப் பேசினார். எனக்கு அந்த வாதம் ஒட்டல. இதை இங்க எதுக்குச் சொல்றேன்னா, கீழ சிறைக்கதை வரும்போது ஓ'கேன் தன்னை அடிச்சவங்களைப் பத்திச் சொன்ன ஒரு விஷயம் இருக்கு, அதைப் படிக்கிறப்போ இந்த புயோ மாருவும் மனசுல இருக்கணும்.

1943 அக்டோபர்ல மார்ட்டன் வாஹூவை ஜப்பான் கடலுக்குள்ள கொண்டு போய் திரும்பி வரவே இல்ல, எல்லாரோடவும் மூழ்கிட்டார். ஓ'கேன் அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சொந்தக் கப்பல் கிடைச்சு வாஹூவை விட்டு வந்திருந்தார். அந்தக் கப்பல்தான் டேங். கலிஃபோர்னியா மேர் ஐலண்ட் தளத்துல கட்டினது, 95 மீட்டர் நீளம், 24 டார்ப்பிடோ, 10 குழாய். வாஹூ போன அதே அக்டோபர் மாசம்தான் டேங் கடற்படையில சேர்ந்துச்சு.

டேங் மொத்தம் அஞ்சு தடவைதான் ரோந்து போச்சு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கப்பலே மூழ்கடிக்காத ரெண்டாவது தடவை. 1944 ஏப்ரல் கடைசியில அமெரிக்க விமானங்கள் பசிபிக்ல ஜப்பான் தளமா இருந்த ட்ரூக் தீவுகளைத் தாக்கினப்போ, அடிபட்டு கடல்ல விழுற பைலட்டுகளைப் பொறுக்கிறது டேங்கோட வேலை. பட்டப்பகல்ல, எதிரித் தீவு பக்கத்துல, தண்ணிக்கு மேல வந்து அலையணும். நம்ம விமானமே நம்மளைக் குண்டு போட்டுடக் கூடாதேன்னு இருக்கிறதுலேயே பெரிய கொடியை எடுத்து டெக்ல விரிச்சு வச்சிருந்தாங்க. அப்போ நார்த் கரோலினாங்கிற போர்க்கப்பலோட சின்ன மிதவை விமானம் ஒண்ணு, ஜான் பர்ன்ஸ்ங்கிற பைலட் ஓட்டினது, தண்ணியில விழுந்து கிடந்தவங்களை ஒவ்வொருத்தரா ஏத்திக்கிட்டே இருந்துச்சு. அது ரெண்டு பேர் உட்கார்ற விமானம். றெக்கை மேல எல்லாம் ஆளு தொங்கிக்கிட்டு, பறக்கவே முடியாம, தண்ணியில படகு மாதிரி ஓட்டிக்கிட்டு வந்து டேங்கைப் பிடிச்சாரு. எல்லாரையும் இறக்கிட்டு, சேதமான விமானத்தை டேங் தன் பீரங்கியாலேயே மூழ்கடிச்சுட்டுக் கிளம்பிடுச்சு. மொத்தம் 22 பேர். அவங்க எல்லாரும் டேங்கோட டெக்ல ஓ'கேனைச் சுத்தி நிக்கிற போட்டோ ஒண்ணு இருக்கு, தேடினா கிடைக்கும், கட்டாயம் பாருங்க.

மூணாவது ரோந்துல சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவுல இருக்கிற கடல்ல 24 டார்ப்பிடோவுல 10 கப்பலை மூழ்கடிச்சுட்டு வந்தார். இவர் திரும்பி வந்து சொன்னது 8, போருக்கு அப்புறம் ஜப்பான் ஆவணங்களைப் பார்த்தா 10. பொதுவா எல்லா கேப்டனும் கூட்டிச் சொல்லுவாங்க, இந்த ஒரு ரோந்துல மட்டும் தலைகீழ்.

இவரோட முறை என்னன்னு கொஞ்சம் விளக்கிடுறேன். அந்தக் காலத்து நீர்மூழ்கி இப்ப இருக்கிற அணுசக்திக் கப்பல் கிடையாது. அது அடிப்படையில தண்ணிக்கு மேல ஓடுற கப்பல்தான், தேவைப்பட்டா முங்கும். மேல டீசல்ல 20 நாட், அதாவது மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர் ஓடும், கீழ பேட்டரியில பாதி வேகம்கூட வராது, அதுவும் கொஞ்ச நேரம்தான். எதிரியோட சோனார், அதாவது தண்ணிக்குள்ள சத்தத்தை வச்சுத் தேடுற கருவி, முங்கி இருக்கிறவனைத்தான் கண்டுபிடிக்கும். ராத்திரி மேல இருந்தா சோனார் பயனில்ல, உயரம் கம்மியான கறுப்பு உருவம் இருட்டுல தெரியாது, ரேடார் நம்மகிட்ட இருக்கு, வேகமும் இருக்கு. அதனால ராத்திரி மேல்மட்டத்துலேயே கான்வாய்க்குள்ள புகுந்து, கிட்டப் போய் ஒவ்வொண்ணா சுட்டுட்டு, அதே வேகத்துல வெளிய ஓடிடுறது. பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனம், கணக்குப் போட்டுப் பார்த்தவனுக்கு முங்கிக் கிடக்கிறதைவிட இது சேஃப். ஒரே ஒரு நிலைமையைத் தவிர. அதுக்கு வர்றேன்.

1944 அக்டோபர். பிலிப்பைன்ஸ்ல லெய்ட்டேயில அமெரிக்கப் படை இறங்கியாச்சு, ஜப்பான் அங்க ஆளும் சாமானும் அனுப்பிக்கிட்டு இருக்கு. டேங் அஞ்சாவது ரோந்துல தைவான் ஜலசந்திக்குப் போச்சு, அந்தப் பக்கம் சீனக் கடற்கரை, இந்தப் பக்கம் தைவான், நடுவுல ஆழம் கம்மியான கடல். அக்டோபர் 23 ராத்திரி ஒரு கான்வாய். ஓ'கேன் மேல்மட்டத்துலேயே நடுவுல போயிட்டார். மூணு டேங்கர் கப்பலை அடிச்சு அது மூணும் பத்தி எரியுது, அந்த வெளிச்சத்துல ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட் கப்பல் இவரைப் பார்த்துட்டு மோதி மூழ்கடிக்க நேரா வந்துடுச்சு. முங்க நேரம் இல்ல. முழு வேகத்துல குறுக்கே ஓடி, மெடல் பத்திரத்துல எழுதியிருக்கிற மாதிரி அங்குலக் கணக்குல தப்பிச்சார், மோத வந்த கப்பல் அந்த அவசரத்துல இன்னொரு சரக்குக் கப்பல் மேலேயே போய் இடிச்சுக்கிச்சு. இவர் திரும்பி அது ரெண்டுக்கும் டார்ப்பிடோ விட்டுட்டு வெளிய வந்துட்டார். எல்லாப் பக்கமும் சுட்டுக்கிட்டு இருக்காங்க, பாதி பேர் இருட்டுல ஒருத்தரை ஒருத்தர்.

மறுநாள் ராத்திரி இன்னொரு கான்வாய், டெக் மேல பெட்டி பெட்டியா விமானங்கள் அடுக்கின கப்பல்கள். அதே மாதிரி உள்ள. ரெண்டு டிரான்ஸ்போர்ட், ஒரு டேங்கர்னு 1,000 கஜத்துக்கும் கம்மியான தூரத்துல அடிச்சார். காவலுக்கு வந்த எஸ்கார்ட் கப்பல்கள் வளைக்க வந்தப்போ திரும்பி அதுங்க பக்கமே பாய்ஞ்சு இன்னும் சுட்டுட்டு வெளிய வந்தாரு. கடைசியா ரெண்டே ரெண்டு டார்ப்பிடோ மிச்சம். அடிபட்டு நின்னு போன ஒரு டிரான்ஸ்போர்ட் இருந்துச்சு, அதை முடிச்சுட்டா வீட்டுக்குக் கிளம்பலாம். செக் பண்ணி, நிதானமா வந்து, 23வதை விட்டார், நேரா போச்சு. 24வதை விட்டார்.

அது விட்ட உடனே தண்ணிக்கு மேல துள்ளி இடது பக்கம் திரும்பிடுச்சு. சைக்கிள் ஹேண்டில் ஒரு பக்கமா லாக் ஆகிட்டா எப்படி வட்டம் போடுமோ அப்படி வளைஞ்சு விட்ட இடத்துக்கே வருது. பிரிட்ஜ்ல, அதாவது கப்பலை ஓட்டுறவங்க நிக்கிற மேல் மேடையில, நின்னவங்க அது நுரைச்சுக்கிட்டு வர்றதைக் கண்ணால பார்த்துட்டாங்க. ஓ'கேன் எமர்ஜென்சி வேகம் கேட்டு சுக்கானைத் திருப்பி, கப்பலோட வால் பகுதியை அந்த வட்டத்துக்கு வெளிய எடுக்கப் பார்த்தார். சுமார் 20 செகண்ட். வால் பக்கத்துல பின்பக்க டார்ப்பிடோ அறையில வந்து அடிச்சுது.

மேல சொன்னேனே ஒரே ஒரு நிலைமைன்னு, அது இதுதான். முங்கி இருக்கிற கப்பலுக்கு வட்டம் போடுற டார்ப்பிடோ வந்தா இன்னும் கீழ இறங்கிடலாம், அது தலைக்கு மேல போயிடும். மேல நிக்கிறவனுக்கு அந்த வழி கிடையாது. அந்த டார்ப்பிடோ மார்க் 18, எலெக்ட்ரிக் ரகம், பிடிபட்ட ஜெர்மன் டார்ப்பிடோவைப் பார்த்துச் செஞ்சது. நீராவி ரகம் மாதிரி தண்ணியில வெள்ளைக் கோடு விடாது, அதனால எங்கேருந்து வந்துச்சுன்னு எதிரிக்குத் தெரியாது, அது பெரிய லாபம். ஆனா சுக்கான் மாட்டிக்கிட்டு வட்டம் போட ஆரம்பிச்சா தானா செயல் இழக்கிற பாதுகாப்பு ஏற்பாடு அதுல இல்ல. இதே வருஷம் மார்ச்ல டல்லிபீங்கிற இன்னொரு அமெரிக்க நீர்மூழ்கியும் பலாவ் தீவு பக்கம் இதே மாதிரிதான் போச்சு. அதுல பிழைச்சது ஒரே ஒருத்தர், அவரும் ஜப்பான்காரங்ககிட்ட கைதி, அதனால அந்தச் செய்தியே போர் முடிஞ்சு அவர் வெளிய வந்த பிறகுதான் அமெரிக்காவுக்குத் தெரியும். ஓ'கேனுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? அதனால இதை "விதி", "பாவத்தின் சம்பளம்"னு எழுதுறவங்களைப் பார்த்தா எனக்குக் கடுப்பு வரும். ஒரு மெஷின் கோளாறு, அதைத் தடுக்கிற பாகம் வைக்கல, அவ்வளவுதான்.

பின்பக்க மூணு அறையும் உடனே தண்ணி. பிரிட்ஜ்ல ஒன்பது பேர், அவங்களை கடல் அப்படியே அடிச்சுட்டுப் போயிடுச்சு, அதுல ராத்திரி முழுக்க நீந்தித் தாங்கினது ஓ'கேனோட சேர்த்து மூணு பேர். பிரிட்ஜுக்குக் கீழ இருந்த கானிங் டவர்ங்கிற சின்ன கட்டுப்பாட்டு அறையில இருந்து தப்பினது லாரன்ஸ் சவட்கின்ங்கிற ஒரே ஒரு ஆபீசர், இருட்டுல தண்ணிக்குள்ள மாட்டியிருந்த காத்துக்குமிழியில மூச்சு எடுத்து எடுத்து மேல வந்தவர்.

கப்பலுக்குள்ள நடந்தது இன்னும் கொடூரம். வால் பக்கம் 180 அடி ஆழத்துல தரையில குத்தி நிக்குது, மூக்கு மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கு. அப்படியே இருந்தா எதிரி பார்த்துடுவான், தப்பிக்கிற அறையும் வேலை செய்யாது. உள்ள இருந்தவங்களே ஒரு தொட்டியில தண்ணி விட்டு கப்பலை மட்டமாப் படுக்க வச்சாங்க, அதாவது தாங்களே மூழ்கடிச்சுக்கிட்டாங்க. சுமார் 30 பேர் முன்பக்க டார்ப்பிடோ அறைக்கு வந்து சேர்ந்தாங்க, பலருக்குக் காயம். ரகசியக் காகிதங்களை எரிச்ச புகை ஒரு பக்கம், மேல ஜப்பான் கப்பல் போடுற டெப்த் சார்ஜ்ங்கிற தண்ணிக்குள்ள வெடிக்கிற குண்டு இன்னொரு பக்கம், அடுத்த பகுதியில பேட்டரிகிட்ட தீ வேற பிடிச்சுக்கிச்சு.

அந்த எஸ்கேப் அறைங்கிறது சில பேர் நெருக்கி நிக்கிற அளவுக்கு ஒரு சின்ன இரும்புக் கூடு. உள்ள போய் கதவை மூடணும், கடல் தண்ணியை விடணும், மார்பு வரைக்கும் ஏறும், காத்தழுத்தம் வெளித் தண்ணி அழுத்தத்துக்குச் சமமாகிற வரைக்கும் காது கிழியுற வலியோட நிக்கணும். அப்புறம்தான் பக்கக் கதவு திறக்கும். மிதவை கட்டின கயிறு ஒண்ணை மேல விட்டு, அந்தக் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிதானமா ஏறணும், அவசரப்பட்டு மூச்சை அடக்கிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் வெடிச்சுடும். மார்புல மாம்சன் லங்ன்னு ஒரு ரப்பர் பை, அதுல ஆக்சிஜன். இப்படி 13 பேர் கப்பலை விட்டு வெளிய வந்தாங்க, 8 பேர் மேல்மட்டம் சேர்ந்தாங்க, 5 பேர்தான் மீட்கிற வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க. மத்தவங்க கீழயே. கப்பல்ல இருந்த 87 பேர்ல பிழைச்சது ஒன்பது பேர்: பிரிட்ஜ் மூணு, சவட்கின் ஒண்ணு, கீழேருந்து அஞ்சு. மூழ்கின அமெரிக்க நீர்மூழ்கியிலேருந்து யார் உதவியும் இல்லாம உள்ளே இருந்தவங்களே தப்பிச்ச மாதிரி இன்னொரு கேஸ் அந்தப் போர்ல கிடையாது.

சுமார் எட்டு மணி நேரம் கழிச்சு ஒரு ஜப்பான் எஸ்கார்ட் கப்பல் வந்து பொறுக்கிச்சு. அதுல ஏற்கெனவே ஏத்தி வச்சிருந்தவங்க யாரு? ராத்திரி டேங் மூழ்கடிச்ச கப்பல்கள்ல பிழைச்சவங்க. உடம்பெல்லாம் தீக்காயம், கை கால் போனவங்க. அவங்கதான் கட்டையாலயும் காலாலயும் இவங்களை அடிச்சாங்க, சிகரெட்டால சுட்டாங்க. ஓ'கேன் பின்னாடி இதைப் பத்தி எழுதினப்போ, அடிக்கிறது நாங்க எரிச்சு முடமாக்கின ஆளுங்கன்னு தெரிஞ்சதும் அந்த அடியை அவ்வளவு வெறுப்பில்லாம வாங்கிக்க முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கார். இதைப் பெருந்தன்மைன்னு பாராட்டுறாங்க, சரிதான், ஆனா எனக்கு அதுல பெருந்தன்மையைவிட நேர்மைதான் பெருசாத் தெரியுது. புயோ மாரு விஷயத்துல கேப்டனுக்காக வாதாடின அதே ஆளு, தான் கேப்டனா இருந்த கப்பலோட கணக்கை மட்டும் யார் மேலயும் தள்ளாம ஏத்துக்கிட்டார்.

தைவான் வழியா ஜப்பானுக்குக் கொண்டு போய் ஓஃபுனாங்கிற கேம்ப்ல போட்டாங்க, யோகோஹாமாவுக்குப் பக்கம். இது சாதாரண போர்க்கைதி கேம்ப் கிடையாது. ஜப்பான் கடற்படை விசாரணைக்குன்னே வச்சிருந்த ரகசிய இடம். இங்க இருக்கிறவங்க பேரை செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுக்க மாட்டாங்க. அப்படின்னா நீங்க கைதி கூட இல்ல, காணாம போனவர். லெட்டர் கிடையாது, பார்சல் கிடையாது, அமெரிக்காவுல டேங் போயிடுச்சுன்னு கணக்கு எழுதியாச்சு, குடும்பத்துக்கு இவர் உயிரோட இருக்கிறதே தெரியாது. தனித்தனி அறை, ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாது, பேசினா அடி, சும்மா இருந்தாலும் அடி. சாப்பாடு கொஞ்சம் பார்லி, பேருக்கு ஒரு சூப். நீர்மூழ்கிக்காரன்னா ஸ்பெஷல் கவனிப்பு, ஏன்னா ரேடார், டார்ப்பிடோ, கடல் வழி எல்லாம் அவன் மண்டையில இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். பெர்லின் ஒலிம்பிக்ல ஓடின லூயி சாம்பெரினி, பெரிய பைட்டர் பைலட் பாப்பி பாயிங்டன் எல்லாரும் இந்த கேம்ப் வழியா வந்தவங்கதான்.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை, மலேசியாவுல இருக்கிறவங்களுக்காக. கிரெனடியர்ங்கிற அமெரிக்க நீர்மூழ்கி 1943 ஏப்ரல்ல ஃபூக்கெட் பக்கம் விமானக் குண்டு பட்டு நகர முடியாம போய், ஆளுங்களே அதை மூழ்கடிச்சுட்டுக் கைதியானாங்க. அந்த 76 பேரையும் கொண்டு போய் அடைச்சது பினாங்குல லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் ஸ்கூல்ல. கேப்டன் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை அங்கேதான் பயங்கரமா சித்திரவதை பண்ணினாங்க, அவர் ஒண்ணும் சொல்லல, பிற்பாடு அவரையும் ஓஃபுனாவுக்குக் கொண்டு போனாங்க. அந்த ஆளுங்க சுவர்ல கீறி வச்ச பேருங்களை அந்தக் கட்டடத்துல பத்திரப்படுத்தி வச்சிருந்தாங்க. சிறையில காட்டின உறுதிக்குன்னு மெடல் வாங்கின நீர்மூழ்கி கேப்டன் வேணும்னா அது இவர்தான், நேவி கிராஸ்ங்கிற கடற்படை வீர விருது வாங்கினவர். ஒருவேளை கேள்வியில ரெண்டு கதையும் கலந்திருக்கலாம்.

ஓ'கேன் விஷயத்துக்கு வருவோம். கடைசி மாசங்கள்ல அவரை டோக்கியோ விரிகுடாவுல ஓமோரிங்கிற செயற்கைத் தீவு கேம்ப்புக்கு மாத்தினாங்க. அங்கேயும் நீர்மூழ்கிக்காரங்களும் பி-29 குண்டுவீச்சு விமானக்காரங்களும் "ஸ்பெஷல்" கைதிகள், ஒதுக்கி வச்சு மத்தவங்களைவிடக் கம்மியான சாப்பாடு. 1945 ஆகஸ்ட் 29 அமெரிக்கப் படகுகள் ஓமோரிக்கு வந்தப்போ கைதிகள் சந்தோஷத்துல தண்ணியிலேயே குதிச்சாங்க. ஓ'கேன் குதிக்கிற நிலையில இல்ல. எலும்பும் தோலுமா, எடை 100 பவுண்டுக்கும் கீழ, பிழைப்பாரான்னே சந்தேகம். டேங்ல பிழைச்ச ஒன்பது பேரும் சிறையிலேருந்து உயிரோட வந்தாங்கங்கிறது பெரிய அதிசயம்.

வெளிய வந்ததும் அவர் செஞ்ச முக்கியமான வேலை டேங்கோட அஞ்சாவது ரோந்து ரிப்போர்ட் எழுதினது. லாக் புக் 180 அடி ஆழத்துல கிடக்கு, கையில ஒரு காகிதம் இல்ல, பத்து மாசம் பட்டினி கிடந்த மூளையிலேருந்து நேரம், தூரம், எந்தக் கப்பலுக்கு எத்தனைன்னு எழுதிக் கொடுத்தார். 1946 மார்ச் 27 வெள்ளை மாளிகையில ஜனாதிபதி ட்ரூமன் கையால மெடல் ஆஃப் ஹானர். பத்திரத்துல இருக்கிறது 1944 அக்டோபர் 23, 24 ரெண்டு தேதி மட்டும்தான். ஓஃபுனா, ஓமோரி பத்தி ஒரு வார்த்தை இல்ல. இதுபோக நேவி கிராஸ் மூணு, சில்வர் ஸ்டார் மூணு. 1957ல ரியர் அட்மிரலா ரிட்டயர் ஆனார், 1994ல கலிஃபோர்னியாவுல காலமானார், ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில அடக்கம். அவர் பேர்ல ஒரு டிஸ்ட்ராயர் 1999லேருந்து ஓடுது. இன்னொரு வேடிக்கை, வாஹூவுல மார்ட்டனோட கிரிபேஜ்னு ஒரு சீட்டாட்டம் ஆடினப்போ ஓ'கேனுக்கு 29 பாயின்ட் வந்துச்சு, அந்த ஆட்டத்துல ஒரு கை சீட்டுக்கு வரக்கூடிய உச்சம் அது, ரெண்டு லட்சத்துக்கு மேல ஆடினா ஒரு தடவை வரும். அவர் பேர்ல இருக்கிற அந்த ஆட்டப் பலகையை பசிபிக் படையிலேயே வயசான நீர்மூழ்கி எதுவோ அதுல வைக்கிற வழக்கம் இருக்கு.

கடைசியா எண்ணிக்கை, ஏன்னா அடுத்த சண்டை இதுலதான் வரும். போர் நேரத்துல டேங்குக்குக் கொடுத்த கணக்கு 31 கப்பல். போர் முடிஞ்சு ராணுவ, கடற்படைக் கூட்டுக் குழு ஜப்பான் ஆவணங்களை வச்சு 24 கப்பல், 93,824 டன்னு குறைச்சுது. 1980ல மறுபடி பார்த்து 33, 116,454 டன்னு திருத்தினாங்க. அந்த கடைசி ராத்திரியில "டிஸ்ட்ராயர்" அடிச்சதா மெடல் பத்திரத்துல இருக்கு, கூட்டுக் குழு கணக்குல அப்படி ஒண்ணு இல்ல. இருட்டுல எரியுற கப்பலுக்கு நடுவுல நின்னு பார்த்தா அப்படித்தான் இருக்கும். அதனால யாராவது 24ன்னாலும் 33ன்னாலும் சண்டை போடாதீங்க, எந்த லிஸ்ட்னு மட்டும் கேளுங்க.